ஆக்ஸிலேட்டர் சிக்குகிறதா? எண்ணெயா, புது கேபிளா, கார்பரேட்டரா?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும், மொத்தம் 40. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், அட்டகட்டி தாண்டி ஒரு வளைவுக்கு முன்னால் கையைத் தளர்த்தினேன். வண்டி தளரவில்லை. முறுக்கிய இடத்திலேயே கிரிப் நின்றுகொண்டது. கிளட்சைப் பிடித்தேன், இன்ஜின் அலறியது. சாவியைத் திருப்பி அணைத்து, பிரேக் பிடித்து, பாறையோரமாக ஒதுங்கினேன். பின்னால் உட்கார்ந்திருந்த மச்சினன் இறங்கி நின்று, "டீ குடிக்கணும்னா சொல்லியிருக்கலாமே மாமா" என்றான்.

என் வண்டி 2007 மாடல், 100 சிசி. அதில் கில் சுவிட்ச், அதாவது ஹேண்டிலிலேயே இன்ஜினை அணைக்கிற பொத்தான், கிடையாது. சாவிதான் கதி. கில் சுவிட்ச் இருக்கிற வண்டி என்றால் கட்டை விரல் அங்கே போகட்டும். இல்லாதவர்கள் சாவியை ஆஃப் வரைக்கும் மட்டும் திருப்பிப் பழகிக்கொள்ளுங்கள். பதற்றத்தில் லாக் வரை திருகினால் சில வண்டிகளில் ஹேண்டில் பூட்டிக்கொள்ளும்.

ஊருக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், கேபிளில் எண்ணெய் விடு என்றார். உடன் வேலை பார்க்கிறவர், புது கேபிள் போட்டுவிடு என்றார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், கார்பரேட்டரே போய்விட்டது என்றார்கள். இந்த மூன்றில் எது விலை அதிகமோ அதைத்தான் நான் முதலில் நம்பினேன். 1,400 ரூபாய்க்கு, கம்பெனி பெயர் இல்லாத ஒரு கார்பரேட்டர் வாங்கி மாட்டினேன். மைலேஜ் குறைந்தது. அடுத்த முறை மலை ஏறியபோது ஆக்ஸிலேட்டர் அதே மாதிரி சிக்கியது.

அப்புறம்தான் உடுமலை ரோட்டில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். வண்டியை அவர் தொடவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே ஒரு கேள்வி கேட்டார்: "ஏனுங் தம்பி, முறுக்குனது திரும்பி வரலீங்களா? இல்ல, முறுக்கு வந்துருச்சு, ரேஸ் மட்டும் நிக்குதுங்களா?"

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அது குருட்டாம்போக்குதான். ஏனென்றால் இரண்டும் வேறு வேறு வியாதி. முறுக்கு திரும்பி வரவில்லை என்றால் கிரிப், கேபிள், கார்பரேட்டருக்குள் ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறந்து மூடுகிற சிலைடு ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று பிடித்திழுக்கிறது. கிரிப் டக்கென்று திரும்பி வந்தும் இன்ஜின் மட்டும் கத்துகிறது என்றால், பெரும்பாலும் எங்கோ காற்றுக் கசிகிறது. கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற மேனிஃபோல்டு ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கும், அல்லது அதன் போல்ட் தளர்ந்திருக்கும். கூடுதலாகக் காற்று உள்ளே போவதால் பெட்ரோல் கலவை மெலிந்து, ரேஸ் இறங்கச் சுணங்கும். யாரோ ஐடிலிங் ஸ்குரூவை ஏற்றி வைத்திருந்தாலும் இப்படி ஆகும். இவர்கள் கேபிளுக்கு எண்ணெய் விட்டால், கேபிளுக்குச் சந்தோஷம், வேறு பயன் இல்லை. இந்தக் கட்டுரை முதல் வகைக்காரர்களுக்கு.

"திரும்பி வரலீங்கண்ணா" என்றேன். "அப்ப கழட்டிப் பாத்துரலாம்" என்று எழுந்தார்.

எங்கே சிக்குகிறது என்று பார்க்க அரை மணி நேரம் போதும். ஒரு திருப்புளி, ஒரு பிளையர், 10-ம் நம்பர் ஸ்பேனர் இருந்தால் சரி. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிச் சட்டென்று கையை எடுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். ஹேண்டிலை நேராக வைத்து ஒரு தடவை, இடது கோடிக்குத் திருப்பி ஒரு தடவை, வலது கோடிக்கு ஒரு தடவை. ஏதாவது ஒரு பக்கம் மட்டும் சத்தம் மந்தமாக இருந்தால் கேபிள் போகிற வழியில் கோளாறு. டேங்குக்கு அடியில் நசுங்கியிருக்கலாம், ஹெட்லைட் பின்னால் வேறு ஒயர்களோடு சிக்கியிருக்கலாம். அடுத்து இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை மட்டும் இரண்டு பக்கமும் திருப்புங்கள். ரேஸ் தானாக ஏறினால் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். கிரிப்பின் விளிம்பில் 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை சும்மா அசைகிற இடம் இருக்க வேண்டும் என்பது 100 சிசி வண்டிகளில் பொதுவான கணக்கு. அந்த இடமே இல்லாமல் இறுக்கி வைத்திருந்தால், அட்ஜஸ்டரைத் தளர்த்தினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். செலவு பூஜ்யம்.

இதிலும் தெரியவில்லை என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. சுவிட்ச் பெட்டியின் ஸ்குரூக்களை எடுத்துவிட்டு, கேபிள் நுனியில் இருக்கிற உலோகக் குமிழை, அதாவது நிப்பிளை, கிரிப் மாட்டியிருக்கிற ஆக்ஸிலேட்டர் பைப்பிலிருந்து விடுவித்து, பைப்பை வெறுமனே சுற்றிப் பாருங்கள். பிறகு கீழே வந்து, கார்பரேட்டரின் மேல் மூடியைத் திருகி எடுத்து, சிலைடிலிருந்தும் கேபிளை விடுவியுங்கள். இப்போது கேபிள் தனி. ஒரு முனையை விரலில் பிடித்து இழுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். கடைசியாக சிலைடை மட்டும் அதன் குழிக்குள் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். மூன்றில் எது கரகரக்கிறதோ, அதற்கு மட்டும் காசு செலவழித்தால் போதும்.

என் வண்டியில் கிரிப் நன்றாகச் சுற்றியது. கேபிளை இழுத்தபோது லேசாகப் பிசுபிசுத்தது, அவ்வளவுதான். சிக்கவில்லை. "இப்பவும் ஒண்ணும் தெரியலையேங்கண்ணா" என்றேன். அவர் உள் கம்பியைக் கொஞ்சம் வெளியே இழுத்து, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனார். "தேங்காண்ணெய் விட்டீங்களா?"

விட்டிருந்தேன். தென்னந்தோப்புக்கு நடுவில் வாழ்கிற ஊர் இது. பூட்டுக்கும் தேங்காய் எண்ணெய்தான், கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய்தான், ஆக்ஸிலேட்டர் கேபிளுக்கும் அதுவே ஆயிற்று. ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். மார்கழியில் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்குகிற நமக்கு இது தெரியாததில்லை. அதே உறைதல் கேபிளுக்குள்ளும் நடக்கும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. ஊரில், மதிய வெயிலில், எந்தக் கடையில் காட்டினாலும் வண்டி ஒழுங்காக இருந்ததற்குக் காரணம் அதுதான். மலைக் குளிரில் கேபிளுக்குள் நெய் கட்டிக்கொண்டிருந்தது.

இனி ஒவ்வொரு வழியாகப் பார்க்கலாம்.

கிரிப் பக்கம்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ரப்பர் கிரிப் நாளாக ஆக உள்பக்கம் நகர்ந்து சுவிட்ச் பெட்டியில் உரசும். அல்லது வண்டி ஒரு தடவை கீழே விழுந்து, ஹேண்டில் முனையில் இருக்கிற எடைக்கட்டி கிரிப்பின் மேல் அழுந்தியிருக்கும். சொகுசுக்காக மேலே ஸ்பான்ஞ்சு உறை போடுகிறவர்கள் உண்டு. அது மழையில் ஊதி, பக்கத்தில் இருக்கிற பிரேக் லீவர் அடியில் போய் மாட்டிக்கொள்ளும். பழைய கிரீஸும் மண்ணும் சேர்ந்து பைப்புக்குள் பசையாக இருந்தால், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஹேண்டில் குழாயையும் பைப்பின் உட்புறத்தையும் துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள். திரும்பவும் கிரீஸை அப்ப வேண்டாம். நிப்பிள் உட்காரும் குழியில் ஒரு பொட்டு போதும். கிரிப்புக்கும் முனைக்கும் நடுவில் ஒரு நகக் கன இடைவெளி தெரிய வேண்டும்.

கேபிள்: எண்ணெய் விடுவதா, மாற்றுவதா?

உண்மையான குழப்பம் இங்கேதான். கேபிள் என்பது பல இழை எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்த ஒரு கம்பி, அதற்கு மேலே சுருள் கம்பியால் ஆன ஒரு உறை, அதற்கும் மேலே பிளாஸ்டிக். புதிதாக வருகிற பல கேபிள்களில் உறைக்கு உள்ளே வழுவழுப்பான ஒரு பிளாஸ்டிக் குழாயும் இருக்கும். மேல் முனை வழியாக மழைத் தண்ணீர் இறங்கும், கீழே வளைகிற இடத்தில் தங்கும், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பொள்ளாச்சி மாதிரி ஆனியும் ஆடியும் தென்மேற்குப் பருவமழையில் நனைகிற ஊரில் வண்டியை வெளியே நிறுத்துகிறவர்களுக்கு இது நிச்சயம் வரும்.

எண்ணெய் விடுகிற முறையை அந்த மெக்கானிக் காட்டினார். காலிப் பால் பாக்கெட்டின் ஒரு மூலையைச் சின்னதாக வெட்டி, அந்த ஓட்டையில் கேபிளின் மேல் முனையைச் செருகி, உறையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு இறுக்க வேண்டும். பாக்கெட்டுக்குள் இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, கேபிளை ஆணியில் நெட்டுக்குத்தலாகத் தொங்கவிட வேண்டும். கீழே ஒரு பழைய டப்பா. காலையில் எழுந்து பார்த்தால் டப்பாவில் எண்ணெய் சொட்டியிருக்கும். முதலில் சொட்டுவது கறுப்பாக, துரு கலந்து வரும். அது தெளிகிற வரைக்கும் விட வேண்டும். டப்பாவில் ஒன்றுமே சொட்டாவிட்டால் உறை எங்கோ நசுங்கி அடைத்திருக்கிறது. அதற்கு மேல் அந்தக் கேபிளோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. ஊசி இல்லாத சிரிஞ்சால் ஏற்றுகிறவர்களும் உண்டு. எனக்குப் பால் பாக்கெட்தான் சௌகரியம், ராத்திரி முழுக்க அதுவாக வேலை பார்க்கும்.

எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய் என் கதை. நாளானால் காறிப் பசையாகவும் ஆகிவிடும். வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலை விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் கரியும் உலோகத் துகளும் இருக்கும், மணல் காகிதத்தால் தேய்ப்பதற்குச் சமம். கிரீஸ் உள்ளே இறங்கவே இறங்காது. டபிள்யூடி-40 மாதிரி ஸ்பிரேக்கள் தண்ணீரை வெளியேற்றவும் இறுகிப்போனதை இளக்கவும் நல்லவை. ஆனால் அது மெல்லிய திரவம், நீண்ட நாள் நிற்காது. ஸ்பிரே அடித்த அன்று சாயங்காலம் பட்டுப் போல ஓடும், மூன்றாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி. அதை அடித்து அழுக்கைக் கழுவிவிட்டு, அப்புறம் தையல் மெஷின் எண்ணெயோ வேறு மெல்லிய எண்ணெயோ விடுவது சரியான வரிசை. உள்ளே பிளாஸ்டிக் குழாய் உள்ள கேபிள் என்றால் எண்ணெயே தேவைப்படாது. கெட்டியான எதையாவது விட்டால் தூசியைப் பிடித்துவைத்துக் கெடுக்கத்தான் செய்யும்.

சரி, எண்ணெய் எப்போது போதும், எப்போது போதாது? கம்பியை இரண்டு முனையிலும் முழுக்க இழுத்து, நிப்பிளுக்கு அருகில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஓர் இழை அறுந்து முள்ளாகக் குத்தினாலும் அந்தக் கேபிளுக்கு எண்ணெய் மருந்தே இல்லை. அறுந்த இழை பின்னோக்கி மடங்கி, உறையின் வாயில் போய்ச் செருகிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டர் முழுக்கத் திறந்த நிலையில் நிற்பதற்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. கேபிள் சும்மா அறுந்துபோனால் வண்டி நின்றுதான் போகும். பாதி அறுந்த கேபிள்தான் ஆபத்து. உறை ஒடிந்து மடங்கியிருந்தாலும், சிலிண்டர் ஹெட்டில் பட்டு பிளாஸ்டிக் உருகியிருந்தாலும் இதே தீர்ப்புதான்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: ஒரு தடவை எண்ணெய் விடலாம். ஆறு மாதத்துக்குள் இரண்டாவது தடவை எண்ணெய் கேட்டால், அது எண்ணெய் கேட்கவில்லை, ஓய்வு கேட்கிறது. மாற்றிவிட வேண்டியதுதான். எங்கள் ஊரில் 100 சிசி வண்டிக்கு ஆக்ஸிலேட்டர் கேபிள் 150 முதல் 250 ரூபாய்க்குள் கிடைக்கிறது. கூலி 100 கொடுத்தேன். எண்ணெய்க்கும் ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவதற்கும், மறுநாள் ஆபீசுக்கு பஸ்ஸில் போவதற்கும் ஆகிற செலவையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதில்லை. இதில் மிச்சம் பிடிக்க நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

புதுக் கேபிள் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். "எல்லா மாடலுக்கும் செட் ஆகும்" என்று கடைக்காரர் சொன்னால், பக்கத்தில் வைத்து நீளத்தை அளந்து பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பிஎஸ்-3, பிஎஸ்-4, பிஎஸ்-6 என்று புகை விதி மாற மாற வந்த வண்டிகளுக்குக் கேபிள் மாறும். ஓர் அங்குலம் குறைவாக இருந்தால் ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் ரேஸ் ஏறும், ஓர் அங்குலம் கூடுதலாக இருந்தால் எங்கோ சுருண்டு மடங்கும். பெங்களூரு சுப்ரஜித் மாதிரி கேபிள் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்களின் சரக்கோ, வண்டிக் கம்பெனியின் ஒரிஜினலோ வாங்கினால் ஐம்பது ரூபாய் கூடும், கூடட்டும். கடையிலேயே கேபிளை ஒரு வட்டமாக வளைத்துப் பிடித்துக் கம்பியை இழுத்துப் பாருங்கள். வளைத்த நிலையிலும் வழுக்க வேண்டும்.

மாட்டுவதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. பழைய கேபிளை உருவுவதற்கு முன் அதன் கீழ் முனையில் ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். கேபிளை மேலே இழுக்கும்போது நூலும் அது போன வழியிலேயே போகும். பிறகு நூலின் மேல் முனையில் புதுக் கேபிளைக் கட்டி, கீழிருந்து நூலை இழுத்தால், டேங்குக்கு அடியில் அதே பாதையில் கேபிள் வந்து சேரும். வழி மாறிப்போன கேபிள் புதிதாக இருந்தாலும் சிக்கும்.

நிப்பிள் கழன்றுவிட்டால் ஸ்குரூ வைத்த நிப்பிளை முடுக்கிக் கொடுப்பார்கள். வழியில் நின்றுபோனால் வீடு வந்து சேர அது உதவும். அப்படியே ஒரு வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்குரூவின் தலை பைப் குழிக்குள் இடித்து நின்றால் என்ன ஆகும் என்பதை அவர்கள் யோசித்ததில்லை போலும்.

கார்பரேட்டர்: கழுவுவதா, சிலைடா, முழுசாக மாற்றுவதா?

ஸ்பிளெண்டர், ஆர்எக்ஸ் 100 மாதிரி வண்டிகளில் கேபிள் நேராக சிலைடைத் தூக்கும். சிலைடின் தலைக்கு மேல் இருக்கும் ஸ்பிரிங்தான் அதைக் கீழே தள்ளி, கேபிளையும் கிரிப்பையும் சேர்த்துத் திரும்ப இழுக்கிறது. ஆக, ஸ்பிரிங் ஒன்றுதான் வேலை செய்கிறது, மற்றதெல்லாம் அதற்குத் தடை. சிலைடில் பெட்ரோல் பிசின் படிந்தாலோ, கிழிந்த ஏர் ஃபில்டர் வழியாக மண் உள்ளே போனாலோ தடை கூடிவிடும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டிகளில் பெட்ரோல் காய்ந்து, சிலைடு தன் குழியில் ஒட்டியே போய்விடும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். பழைய கார்பரேட்டர் உள்ளவர்கள் வண்டியை நீண்ட நாள் நிறுத்துவதானால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுவது நல்லது.

முதல் வழி கழுவுவது. கார்பரேட்டர் கிளீனரோ பெட்ரோலோ, பழைய பல் துலக்கும் பிரஷ், மெல்லிய துணி. உப்புத் தாளைக் கையில் எடுக்காதீர்கள். சிலைடின் மேல்பூச்சு போனால், வழுக்குவதற்குப் பதிலாகக் கரகரக்கும். மாட்டும்போது சிலைடின் அடியில் வெட்டியிருக்கும் சரிவு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும், பக்கவாட்டுக் கோடு குழிக்குள் இருக்கும் சின்ன ஆணியில் உட்கார வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டால் சிலைடு முழுக்க இறங்காது. ஸ்டார்ட் செய்த மறுகணம் இன்ஜின் கொதித்தெழும். அதனால்தான் மூடியைத் திருகியதும், உதைப்பதற்கு முன்னால், மூன்று தடவை முறுக்கி அந்த 'டக்' சத்தத்தைக் கேட்கச் சொல்கிறேன். கார்பரேட்டருக்குள்ளிருந்து அது தெளிவாகக் கேட்கும்.

கழுவியும் சிக்கினால் தேய்மானம். சிலைடு அதன் குழியில் ஆடும். இன்ஜின் உறிஞ்சும்போது அது சாய்ந்து ஒரு பக்கமாக அழுந்தி நிற்கும். நிறுத்திய வண்டியில் 'டக்' என்று விழும், ஓடும்போது சிக்கும். கண்டுபிடிக்கப் பாடாய்ப் படுத்தும் கோளாறு இது. சிலைடும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைத்தால் முதலில் அவற்றை மாற்றிப் பார்க்கலாம். குழியே தேய்ந்திருந்தால் கார்பரேட்டரை மாற்றத்தான் வேண்டும். அப்படி மாற்றுவதானால் அந்த வண்டிக்கு உரிய ஒரிஜினலைப் போடுங்கள். ஜப்பானின் மிகுனி கம்பெனியுடைய தொழில்நுட்பத்தில் யூகால் கம்பெனி கார்பரேட்டர் செய்தது நம்முடைய மறைமலை நகரில்தான். பல வண்டிகளுக்கு அங்கிருந்துதான் போயின. 1,400 ரூபாய் சரக்கில், பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட் எந்த அளவு, நீடில் எந்த அளவு என்று யாருக்கும் தெரியாது. நான் மாட்டிய அந்தக் கார்பரேட்டர் இப்போது பரணில் கிடக்கிறது. என்னுடைய பழையதைக் கழுவி மாட்டினேன், மைலேஜ் திரும்ப வந்தது.

ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு பத்தி வேண்டும். 1985-ல் வந்து 1996-ல் நின்ற வண்டி. இன்று ஓடுகிற எதற்கும் ஏறக்குறைய முப்பது வயதாவது இருக்கும், சிலைடு தேய்ந்திருப்பதில் ஆச்சரியமும் இல்லை. அதில் ஆக்ஸிலேட்டர் கேபிள் நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கார்பரேட்டருக்கும் இன்னொன்று பெட்ரோலோடு சேர்ந்து எரிகிற டூ-டி ஆயிலை இன்ஜினுக்கு ஊட்டும் பம்புக்கும் போகும். கார்பரேட்டரை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு, பம்பு பக்கத்துக் கம்பி துருப்பிடித்து இழுப்பதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் நிறைய. புதுக் கேபிள் போட்டதும் பம்பின் குறியைச் சரிபார்க்க வேண்டும். அந்தப் பக்கம் தளர்ந்திருந்தால் ஆயில் குறைவாக இறங்கி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பம்பைத் துண்டித்துவிட்டு ஒற்றைக் கேபிள் போட்டிருந்தால், பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்றுவதை ஒரு நாளும் மறக்கக் கூடாது. சிக்கல் தீரும் என்று கேபிளைச் சுருக்கி, இன்ஜினைத் தொலைத்தவர்கள் உண்டு.

பல்சர் 150 மாதிரி வண்டிகளில் வந்தது வேறு வகைக் கார்பரேட்டர். அங்கே கேபிள் திறப்பது ஒரு தகட்டை மட்டும். சிலைடு, ரப்பர் டயஃப்ரம் உதவியால், காற்றழுத்த வித்தியாசத்தில் தானாக ஏறி இறங்கும். அதனால் கிரிப் திரும்பி வரவில்லை என்றால் சிலைடைக் குறை சொல்ல முடியாது. தகட்டின் தண்டும் அதன் சுருள் ஸ்பிரிங்கும் கேபிளும்தான் சந்தேகத்துக்குரியவை. கிளீனர் ஸ்பிரே அடிப்பதற்கு முன் டயஃப்ரத்தைக் கழற்றிவிடுங்கள். அந்த ரப்பர் ஊதிப்போனால் வேறொரு செலவு.

பிஎஸ்-6 வண்டிகள்

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் கார்பரேட்டர் அநேகமாக இல்லை, ஸ்பிளெண்டரிலும் ஃபியூயல் இன்ஜெக்ஷன்தான். கிரிப்பும் கேபிளும் மட்டும் அப்படியே இருக்கின்றன, அவற்றுக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். கேபிளைக் கழற்றியும், கார்பரேட்டர் இருந்த இடத்தில் காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டில் பாடியின் தகடு சிக்கினால் அதன் விளிம்பில் கரி படிந்திருக்கும், அதற்கென்று இருக்கும் கிளீனரால் துடைக்கலாம். அங்கே இருக்கும் ஸ்டாப் ஸ்குரூவை மட்டும் திருகாதீர்கள், சென்சார் கணக்கு குழம்பும். 390 டியூக் மாதிரி கேபிளே இல்லாத வண்டிகளுக்கு ஆக்ஸிலேட்டர் தகராறு செய்தால் சர்வீஸ் சென்டர் ஒன்றுதான் இடம். வாரண்டியில் இருக்கிற எந்த வண்டிக்கும் அதேதான்.

நாமே செய்வதா, மெக்கானிக்கா?

கிரிப் துடைப்பதும் அட்ஜஸ்டர் வைப்பதும் எவரும் செய்யலாம். கேபிள் மாற்ற முதல் தடவை எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது, மெக்கானிக்குக்குப் பதினைந்து நிமிடம். கார்பரேட்டரைப் பிரிப்பது பழகியவர்களுக்குச் சுலபம், பழகாதவர்களுக்கு ஒரு சின்ன ஸ்பிரிங் மேசைக்கடியில் உருண்டு போகிற சமாச்சாரம். பாதிப் பிரித்த வண்டியோடு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டிக்கொள்ளாதீர்கள், கடைகள் சாத்தியிருக்கும். மெக்கானிக்கிடம் போவதானால், "கார்பரேட்டர் பாருங்க" என்று மருந்துச் சீட்டோடு போகாமல், எப்போது, எந்தச் சூட்டில், ஹேண்டில் எந்தப் பக்கம் இருக்கும்போது சிக்குகிறது என்று மட்டும் சொல்லுங்கள். என் விஷயத்தில் "மலையில் மட்டும், காலையில் மட்டும்" என்று முதலிலேயே சொல்லியிருந்தால் 1,400 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

என்னிடம் கேட்டால், பத்து வயதுக்கு மேலான வண்டிக்குச் சந்தேகமே இல்லாமல் புதுக் கேபிள், அன்றைக்கே கிரிப்பையும் துடைத்துவிடுவது. இரண்டு மூன்று வயது வண்டி, இழை எதுவும் அறவில்லை, மழைக்குப் பிறகுதான் இறுகியது என்றால் பால் பாக்கெட். கார்பரேட்டரைக் கழுவுவது கேபிளைத் தனியாக இழுத்துப் பார்த்து நல்லது என்று தெரிந்த பிறகு. கார்பரேட்டரை மாற்றுவது, சிலைடு குழியில் ஆடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு மட்டும். மலையில் குடியிருப்பவர்கள், தினமும் ஏறி இறங்குபவர்கள் எண்ணெய் வழியை யோசிக்கவே வேண்டாம் என்பேன். சமவெளியில் கிரிப் அரை நொடி தாமதமாக வந்தால் எரிச்சல், அவ்வளவுதான். வால்பாறை ரோட்டில் அந்த அரை நொடிக்கு இடம் இல்லை.

போன மாதம் மச்சினன் போன் செய்தான். அவன் வண்டியிலும் ஆக்ஸிலேட்டர் சிக்குகிறதாம். "என்ன எண்ணெய் மாமா விடலாம்?" என்றான். "முறுக்கு திரும்பி வரலையா, ரேஸ் மட்டும் நிக்குதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "இருங்க, போய்ப் பாத்துட்டு வரேன்" என்று வைத்துவிட்டான்.